பெந்தமியானாவுக்கு மதுரை வெயில் ஆகாது

"புகையிலைச் செடியில் மருந்து" என்று செய்தி வந்தால் போதும், வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "எங்க தோட்டத்துப் புகையிலையில இதைச் செய்ய முடியாதா?" செய்யலாம். கட்டுப்படியாகாது.

நம் பக்கத்து வயலில் நிற்பது நிகோட்டியானா டபாக்கம். செடிக்குள் ஆன்டிபாடியை (நோய்க்கிருமியைப் பிடிக்கும் புரதத்தை) உண்டாக்க முடியும் என்று 1989-இல் காட்டியது அந்த இனத்தில்தான். ஆனால் அதன் இலை தடிப்பு, நிகோட்டின் அதிகம், மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியா கலந்து இலைக்குள் செலுத்தும் நீர் ஒரு நரம்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போகாது. இலைக்குள் மரபணுவை அனுப்பி மருந்துப் புரதம் உண்டாக்கும் இந்த வேலைக்கு இன்று நிற்பது அதன் பங்காளி, நிகோட்டியானா பெந்தமியானா. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சிறு செடி. இலை மெல்லிசு, உள்ளே காற்று இடைவெளி அதிகம். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து அழுத்தினாலே நீர் பரவும். ஆய்வகங்களில் புழங்கும் வகைக்கு ஆர்டிஆர்1 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதால் வைரஸ் எதிர்ப்பும் குறைவு. நாம் உள்ளே அனுப்பும் மரபணுவைச் செடி அவ்வளவு சீக்கிரம் விரட்டாது.

இந்தத் துறையில் தேறியது எது, தேறாதது எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்த முதல் செடிவழி மனித மருந்துப் புரதம் 2012-இல் வந்தது: கௌஷே நோய்க்கான எலெலைசோ. 2023-இல் ஃபேப்ரி நோய்க்கான எல்ஃபாப்ரியோ. இரண்டும் இலையில் செய்தவை அல்ல. ஒன்று கேரட் செல், மற்றது புகையிலைச் செல், இரண்டையும் புரோட்டாலிக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் பைகளில் வளர்த்தது. இலையில் செய்து பெயர் வாங்கியது 2014 எபோலாவின்போது கொடுக்கப்பட்ட இசட்மேப். மூன்று ஆன்டிபாடிகளின் கலவை, கென்டக்கியில் பெந்தமியானாவில் தயாரானது. கனடாவின் மெடிகாகோ 2022 பிப்ரவரியில் கோவிஃபென்ஸ் என்ற கொரோனா தடுப்பூசிக்கு அந்த நாட்டு அனுமதி பெற்றது. புகையிலை நிறுவனம் ஒன்று அதில் பங்குதாரர் என்பதால் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே மெடிகாகோவை மூடுவதாகத் தாய் நிறுவனம் அறிவித்தது. அறிவியல் தோற்று மூடிய கடை அல்ல அது. இலைக்குள் புரதம் உண்டாக்குவது இந்த வேலையில் எளிய பாதி. அதற்கு முன்னால் செடியைச் சரியான சூட்டில் வைத்திருப்பதும், அதற்குப் பின்னால் இலைச்சாற்றைச் சுத்தம் செய்வதும்தான் மீதி. மதுரையில் இந்த முன்பாதியே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

மரபணுவைச் சுமந்து செல்வது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. இயற்கையில் செடித் தண்டில் கழலை உண்டாக்குவது இதன் தொழில். தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடிச் செல்லுக்குள் ஏற்றி, செடியையே தனக்கு இரை சமைக்க வைக்கும். கழலை மரபணுக்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால், ஏற்றுக்கூலி இல்லாமல் அது உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடும். நம் பல்கலை நகரில், காமராசர் பல்கலைக்கழக உயிரித்தொழில்நுட்பப் பள்ளியில், பேராசிரியர் கே. வேலுத்தம்பி இந்தப் பாக்டீரியாவின் டிஎன்ஏ மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஊருக்குப் புதிய சரக்கு அல்ல.

இந்த ஏற்றுமதிக்குத் தேவையான இயந்திரம் சூடு தாங்காது. பாக்டீரியா 28 டிகிரியில் நன்றாக வளரும். ஆனால் டிஎன்ஏவைச் செடிக்குள் தள்ளுவது 20 முதல் 22 டிகிரியில்தான் சிறப்பாக நடக்கும், 29-ஐத் தாண்டினால் அநேகமாக நின்றே போகும். 37 டிகிரியில் சில வகைகள் அந்தத் திறமை எழுதியிருக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடையே தொலைத்துவிடும். சித்திரை மாதத்து மதுரையில் 37 டிகிரி என்பது சாதாரணப் பகல். ஏசி நின்றுபோன ஒரு மத்தியானம் போதும், ஆறு வார உழைப்பு வெறும் இலையாகிவிடும். செடி வாடாது, மஞ்சளாகாது, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆறாம் நாள், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டும்போதுதான் நம் புரதத்தின் பட்டை இல்லை என்று தெரியும்.

ஒரு கிராம் சுத்தமான புரதம் என்ற கணக்கில் அறையை வகுக்கலாம். கிலோ இலைக்கு 200 மில்லிகிராம் உண்டாகி, சுத்தம் செய்வதில் பாதி போய், 100 தேறுகிறது என்று வைத்துக்கொண்டால் 10 கிலோ இலை வேண்டும். செடிக்கு 20 கிராம் இலை என்றால் 500 செடி. 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 44 செடி. ஆக 11 அல்லது 12 சதுர மீட்டர். மூன்றடுக்கு ரேக்கில் நான்கு சதுர மீட்டர் தரையில் அடங்கிவிடும். பத்துக்குப் பத்து அறை தாராளம். எல்இடி விளக்குக்கு மொத்தம் ஒரு கிலோவாட் அளவு ஆகும்; அந்த ஒரு கிலோவாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். ஒன்றரை டன் ஏசி ஒன்று போதும், ஆனால் இரண்டு வையுங்கள், மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மின்சாரம் வந்ததும் தானாக மறுபடி ஓடத் தொடங்கும் மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். ரிமோட்டை அழுத்தினால்தான் ஓடும் ரகம் இந்த வேலைக்கு ஆகாது.

இன்னொரு அபத்தம் அடிக்கடி நடப்பது: விளக்கை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு ஏசியை வெறும் லைனில் விடுவது. மின்சாரம் போனால் குளிர் நின்றுவிடும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மூடிய அறை அடுப்பாகிவிடும். விளக்கும் ஏசியும் சேர்ந்து அணைய வேண்டும், சேர்ந்து எரிய வேண்டும்.

செடிக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். அந்தப் பதினாறு மணி நேரம் நம் பகலோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாலை 6 மணிக்கு விளக்கைப் போட்டு மறுநாள் காலை 10 மணிக்கு அணையுங்கள். வெளியே மாடி கொதிக்கும் நேரத்தில் உள்ளே இருட்டு. விளக்குச் சூடும் வெயில் சூடும் ஒரே நேரத்தில் ஏசியின் தலையில் ஏறாது. இலைக்குள் பாக்டீரியாவைச் செலுத்தும் வேலையைக் காலை 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் நின்ற செடிக்கு இலைத்துளைகள் திறந்திருக்கும், நீர் சுலபமாக உள்ளே போகும். இருட்டிலிருந்து நேரே எடுத்த செடியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து தண்ணீர். நம் போர் தண்ணீரில் உப்பும் பைகார்பனேட்டும் அதிகம். அதையே ஊற்றினால் வேர்ப்பகுதியின் பிஎச் ஏறி, செடிக்கு இரும்புச் சத்து எட்டாமல் போய், கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆர்ஓ தண்ணீர்தான் வழி. அதில் ஒன்றும் இல்லை என்பதால் உரத்தை நாம் கொடுக்க வேண்டும்: 19:19:19 லிட்டருக்கு ஒரு கிராம், அதற்கடுத்த முறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை நுண்ணூட்டக் கலவை. 19:19:19-ஐயும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே வாளியில் அடர்த்தியாகக் கரைக்காதீர்கள். கால்சியம் பாஸ்பேட்டாக அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்கு இரண்டுமே கிடைக்காது.

தென்னை நார்க்கழிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் மட்டை ஊறிய தண்ணீரின் உப்பு அதில் இருக்கும். கழுவிப் பிழிந்து, வடிநீரின் ஈசி (உப்பளவு) 0.5-க்குக் கீழே வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். விதை கசகசாவை விடப் பொடி. மண்ணைப் போட்டு மூடக்கூடாது. ஈரமான மேற்பரப்பில் தூவி, பிளாஸ்டிக் மூடி போட்டு 25 டிகிரியில் வைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். புது விதை முளைக்க முரண்டு பிடித்தால் ஜிபரலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் தூவலாம். இரண்டாம் வாரம் நான்கிலை விட்டதும் தனித் தொட்டிக்கு மாற்றி, ஐந்தாவது வாரத்தில் வேலைக்கு எடுக்க வேண்டும். மொட்டு தென்பட்டால் வயது முடிந்தது என்று அர்த்தம், பூக்கும் செடியில் புரதம் பாதியாகக் குறையலாம்.

பூச்சி வந்தால் மருந்தடிக்க முடியாது, அடித்த மருந்து கடைசியில் புரதத்தோடு வந்து நிற்கும். நுண்வலை, இரட்டைக் கதவு, மஞ்சள் ஒட்டுப்பொறி, இவ்வளவுதான் ஆயுதம். அதைவிட முக்கியம் ஆட்களின் கை. பீடியிலும் மெல்லும் புகையிலையிலும் டொபேக்கோ மொசைக் வைரஸ் உயிரோடு இருக்கும். பீடி குடித்துவிட்டு வந்த கையால் ஒரு நாற்றைத் தொட்டால், எதிர்ப்பு குறைந்த இந்தச் செடி ஒரு வாரத்தில் சுருண்டு மடங்கும். பக்கத்துத் தட்டுக்கும் பரவும். சோப்புப் போட்டுக் கழுவுவதோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்து அதில் கையை முக்கி எடுப்பது பழைய, நம்பகமான வழி. பால் புரதம் வைரஸைப் பிடித்துக்கொள்ளும்.

செடி தயாராகும்போதே மரபணுவும் தயாராக வேண்டும். மனித மரபணுவை அப்படியே எடுத்து ஒட்டினால் சரிவராது. செடி விரும்பும் கோடான்களில் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்களில்) எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்; பலர் கோட்டைவிடுவது மறைந்திருக்கும் இன்ட்ரானில், அதாவது செல் வெட்டி எறிந்துவிடும் துண்டில். ஜெல்லி மீனின் பச்சை ஒளிர்புரத மரபணுவுக்குள் 84 எழுத்து நீளத் துண்டு ஒன்றை அரபிடாப்சிஸ் செடி இன்ட்ரான் என்று நினைத்து வெட்டி எறிந்தது, புரதமே கிடைக்கவில்லை. எழுத்தை மாற்றி எழுதிய பிறகுதான் ஒளிர்ந்தது. மரபணுவை ஆர்டர் கொடுக்கும் முன் வெட்டுத்தளங்களைக் கணினியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆன்டிபாடி மாதிரி டைசல்பைடு பாலமும் சர்க்கரையும் வேண்டிய புரதம் என்றால் முன்னால் அதைச் சுரப்புப் பாதைக்கு அனுப்பும் சிக்னல் பெப்டைடு இருக்க வேண்டும். இல்லையென்றால் செல் நீரிலேயே தங்கி, சரியாக மடங்காமல் அழியும். வால் பக்கம் கேடிஇஎல் என்ற நான்கு அமினோ அமிலங்களைச் சேர்த்தால் எண்டோபிளாஸ்மிக் வலையிலேயே நிற்கும், விளைச்சல் கூடும். செடி போடும் சர்க்கரையில் மனித உடலில் இல்லாத சைலோஸும் ஆல்ஃபா-1,3 ஃப்யூகோஸும் ஒட்டிக்கொள்ளும். கேடிஇஎல் இருந்தால் புரதம் அந்தக் கட்டத்துக்குப் போகாது, மேனோஸ் சர்க்கரையோடு நின்றுவிடும். ஊசி மருந்துக்கு இது போதாது என்றால் அந்த இரண்டு சர்க்கரைகளையும் ஒட்டும் நொதிகளை அடக்கிய பெந்தமியானா வகை 2008 முதலே இருக்கிறது, அதன் விதையை முறைப்படி பெற்று வளர்க்கலாம்.

மரபணுவைப் பொதிந்து அனுப்பும் வெக்டராகப் பிஈஏக்யூ-எச்டி எடுப்பவர்கள் அதிகம். செடியின் மரபணு அடக்கும் வேலையைத் தடுக்கும் பி19 அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக இன்னொரு பாக்டீரியா கலக்க வேண்டாம். பாக்டீரியா ஜிவி3101 என்றால் ஆன்டிபயாடிக்குகள் ரிஃபாம்பிசின் 50, ஜென்டாமைசின் 25, வெக்டருக்காகக் கானமைசின் 50 மைக்ரோகிராம், ஒரு மில்லிலிட்டருக்கு. தட்டில் காலனி வர இரண்டு, மூன்று நாள் ஆகும். அதிலிருந்து 5 மில்லி எல்பி வளர்ப்புத் திரவத்தில் ஓர் இரவு, பிறகு ஐம்பதில் ஒரு பங்காகப் பெரிய குடுவைக்கு, ஓ.டி. 600 (கலங்கலின் அளவு) 2 வரும்வரை.

குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் மாசி முடிந்ததும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்த இயந்திரத்துக்குச் சூடாக்கத்தான் தெரியும். அறை 34 டிகிரி என்றால், முள்ளை 28-இல் வைத்தாலும் உள்ளே 35தான். மோட்டார் சூடு வேறு சேரும். கல்ச்சர் கலங்கும், ஓ.டி. காட்டும், டிஎன்ஏ மாற்றம் நடக்காது. குளிரூட்டும் ஷேக்கர் வாங்க முடியாவிட்டால் செடி அறைக்குள்ளேயே ஷேக்கரை வைத்துவிடுங்கள்.

கலக்கும் நீர் ஒரு லிட்டருக்கு: எம்இஎஸ் 1.95 கிராம், 1 மோலார் மக்னீசியம் குளோரைடு 10 மில்லி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 5.6. மக்னீசியம் குளோரைடைப் பொடியாக நிறுக்காதீர்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாகாக நிற்கும், எடை பொய் சொல்லும். டப்பாவைத் திறந்த அன்றே முழுவதையும் 1 மோலார் கரைசலாக்கி வைத்துவிடலாம். கடைசியாக அசிட்டோசிரிங்கோன்: 1 மில்லி டிஎம்எஸ்ஓவில் 19.6 மில்லிகிராம் கரைத்து உறைநிலையில் வைத்திருப்பதிலிருந்து லிட்டருக்கு 1 மில்லி. காயம்பட்ட செடி கசியவிடும் பொருள் இது. இதை மோந்து பார்த்துத்தான் பாக்டீரியா தன் ஏற்றுமதி மரபணுக்களை முடுக்கும். அமிலத்தன்மை இல்லையென்றால் முடுக்காது. போர் தண்ணீரில் பஃபர் கலக்கினால் பைகார்பனேட் பிஎச்சை மேலே இழுத்துவிடும். எம்இஎஸ் 10 மில்லிமோலாரால் அதைக் கட்டிவைக்க முடியாது.

கல்ச்சரைச் சென்ட்ரிபியூஜில் 4000 ஜி, 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு இந்தப் பஃபரில் கரைத்து, ஓ.டி. 0.4 அல்லது 0.5-க்குக் கொண்டுவந்து, அறைச்சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். (அறைச்சூடு என்றால் ஏசி அறையின் சூடு. புத்தகத்தில் எழுதியவருக்கு நம் ஊர் அறை தெரியாது.) ஓ.டி. பார்க்கும்போது பத்தில் ஒரு பங்காக நீர்த்து அளந்து பெருக்குங்கள். 1-க்கு மேல் மீட்டர் குறைத்துத்தான் காட்டும்.

நாலைந்து செடிக்குச் சிரிஞ்சு போதும். 500 செடிக்கு வேக்குவம். 20 லிட்டர் கலவை, அதில் ஓ.டி. 0.25 போதும், ஆகவே ஓ.டி. 2-க்கு வளர்ந்த கல்ச்சர் இரண்டரை லிட்டர் ஆகும். இலை நனைய சில்வெட் எல்-77 லிட்டருக்கு 0.1 மில்லி. தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து இலை முழுவதும் முங்க வைத்து, கேஜ் மைனஸ் 0.09 மெகாபாஸ்கல் வரும்வரை இழுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, வால்வைச் சட்டென்று திறக்க வேண்டும். இழுக்கும்போது இலையிலிருந்து காற்றுதான் வெளியே வரும். நீர் உள்ளே போவது திறக்கும் அந்த இரண்டு விநாடியில். மெதுவாகத் திறந்தால் இலை திட்டுத்திட்டாக நனையும். நன்றாக ஏறிய இலை கரும்பச்சையாக, மழையில் ஊறியது போலத் தெரியும். வெளிர்த் திட்டு நிறைய இருந்தால் இன்னொரு முறை.

ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் எண்ணெய் பம்பை இதற்கு எடுப்பவர்கள் உண்டு, வேலை செய்யும். ஆனால் நீராவி எண்ணெயில் கலந்து மோர் மாதிரி வெளுத்துவிடும். பிறகு கேஜ் முள் 0.07-ஐத் தாண்டாது. நடுவில் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்று வைத்து, எண்ணெய் வெளுத்த அன்றே மாற்றிவிட்டால் பம்பு பிழைக்கும்.

செலுத்திய பிறகு முதல் இரண்டு நாள் 21, 22 டிகிரி கட்டாயம். டிஎன்ஏ மாறுவது அப்போதுதான். அதன்பின் 25 வரை பாதகமில்லை. எந்த நாளில் அறுப்பது என்பது புரதத்துக்குப் புரதம் மாறும், அதைச் சோதித்தே ஆக வேண்டும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை தினமும் 100 மில்லிகிராம் இலைவட்டு எடுத்து, 300 மைக்ரோலிட்டர் பஃபரில் அரைத்து, சுழற்றி, ஜெல் ஓட்டிப் பாருங்கள். கூடவே வெறும் வெக்டர் செலுத்திய இலை ஒன்று, பச்சை ஒளிர்புரதம் செலுத்திய இலை ஒன்று. ஒளிர்புரத இலையை இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சின் கீழ் பிடித்தால், வேலை நடந்த இடம் பச்சையாகவும் நடக்காத இடம் குளோரோபில் சிவப்பாகவும் தெரியும். ஒளிர்புரதம் ஒளிர்ந்து உங்கள் புரதம் வரவில்லை என்றால் பிழை மரபணுவில். இரண்டும் வரவில்லை என்றால் பிழை சூட்டிலோ பாக்டீரியாவிலோ. இந்த ஓர் இலை வாரக்கணக்கான குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

ஜெல்லில் 55 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பட்டையைக் கண்டு துள்ள வேண்டாம். அது ரூபிஸ்கோ, இலையின் சொந்தப் புரதம், கரையும் புரதத்தில் பாதிவரை அதுதான். ஆன்டிபாடியின் கனச்சங்கிலி 50-இல் வருவதால் அதன் நிழலில் மறைந்துவிடும். டைசல்பைடு பாலங்களை உடைக்கும் ஒடுக்கும் பொருள் சேர்க்காமல் ஓட்டினால் முழு ஆன்டிபாடி 150-இல் தனியாக நிற்கும். இலை நான்காம் நாளே பழுப்பாகச் சருகானால் புரதம் செல்லுக்கு விஷமாகிறது என்று பொருள், ஓ.டி.யைப் பாதியாக்கி மூன்றாம் நாள் அறுத்துப் பார்க்கலாம்.

அறுத்த இலையை மல்லிகைப்பூவை வெளியூருக்கு அனுப்புவது போலவே நடத்த வேண்டும்: தெர்மோகோல் பெட்டி, ஐஸ், உடனே. அரைக்கும்போது வரும் பெரிய எதிரி பழுப்பு. வாழைப்பூவை நறுக்கி மோரில் போடாவிட்டால் கறுத்துப்போகும் அல்லவா, அதே நொதி, அதே பீனால். இலைச்சாறு கறுத்தால் பீனால்கள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தக் காலமும் (புரதத்தைப் பிரித்தெடுக்கும் குழாய்) அதைப் பிரிக்காது. மோர் செய்யும் வேலையை இங்கே சோடியம் மெட்டாபைசல்பைட் செய்யும். ஒரு கிலோ இலைக்கு இரண்டு லிட்டர் குளிர்ந்த பாஸ்பேட் பஃபர், 17.5 கிராம் உப்பு, 3.8 கிராம் மெட்டாபைசல்பைட். அதைப் போட்டதும் பிஎச் இறங்கும், மறுபடி 7.4-க்கு ஏற்றுங்கள். சல்பைட் டைசல்பைடு பாலங்களையும் கடிக்கும் என்பதால் ஆன்டிபாடிக்கு இந்த அளவில் கால்பங்கு போதும். வேகமாக வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிக்ஸியில் 30 விநாடி ஓட்டி, 30 விநாடி நிறுத்தி, நாலைந்து தடவை. ஒரேயடியாக ஓட்டினால் சூடும் நுரையும் சேர்ந்து புரதத்தைக் கெடுக்கும். இரட்டை மல்துணியில் வடிகட்டிய சாற்றின் பிஎச்சை அசிட்டிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு 5.0-க்கு இறக்கி, ஐஸில் அரைமணி நேரம் வைத்தால் ரூபிஸ்கோ திரிந்த பால் போலத் திரண்டு படியும். 10,000 ஜி, 30 நிமிடம் சுழற்றி, தெளிவை மறுபடி 7.4-க்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் புரதமும் பிஎச் 5-இல் திரண்டுவிடுமா என்பதை முதலில் 10 மில்லி சாற்றில் பார்த்துவிடுங்கள்; 20 லிட்டரில் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல அது. சூடு தாங்கும் புரதம் என்றால் 65 டிகிரியில் பத்து நிமிடமும் இதே வேலையைச் செய்யும்.

பிறகு டயட்டோமேசியஸ் மண் கலந்து ஆழ்வடிகட்டி, அதன்பின் 0.45, 0.2 மைக்ரான். நேரே 0.2-க்குப் போனால் அரை லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். வடிகட்டி விலையைப் பார்த்தால் கண்ணீர் வரும். ஹிஸ்டிடின் வால் உள்ள புரதத்துக்கு நிக்கல் காலம், 20 மில்லிமோலார் இமிடசோலில் ஏற்றி 250-இல் இறக்குவது. இதற்குப் போகும் சாற்றில் ஈடிடிஏ போடக்கூடாது, நிக்கலை உரித்துவிடும். ஆன்டிபாடிக்குப் புரோட்டீன்-ஏ, கிளைசின் பிஎச் 3.0-இல் இறங்குவதை, முன்கூட்டியே டிரிஸ் விட்ட குழாயில் பிடிக்க வேண்டும்.

இங்கே சுத்தம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இலைக்குள் நாமே செலுத்தியது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா. அதன் உறையில் உள்ள நச்சான எண்டோடாக்சின் சாறு முழுக்க இருக்கும். ஊசிமருந்தில் உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 5 அலகுக்கு மேல் போகக்கூடாது. ஆன்டிபாடியை ஒரு கியூ வகை அயனிமாற்றக் காலம் வழியே ஒட்டாமல் ஓடவிட்டால் எண்டோடாக்சினும் டிஎன்ஏவும் அதில் தங்கிவிடும். அளக்கும் எல்ஏஎல் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது: செடிச்சாற்றிலும் செல்லுலோஸ் வடிகட்டியிலும் வரும் பீட்டா குளூக்கனும் அந்தச் சோதனையைத் தூண்டிவிடும். குளூக்கனைத் தடுக்கும் பஃபர் போடாமல் அளந்துவிட்டு, இல்லாத எண்டோடாக்சினைத் துரத்தி இரண்டு காலம் கூடுதலாக ஓட்டுவது வீண்.

என் கணிப்பில், நம் ஊரில் தொடங்குபவர் ஊசிமருந்தைத் தொடக்கூடாது. நோயறியும் கிட்டில் போகும் ஆன்டிஜென், செல் வளர்ப்புக்கான வளர்ச்சிக் காரணி, இப்படி உடலுக்குள் போகாத புரதங்களுக்கு இதே அறையும் இதே 500 செடியும் போதும். எண்டோடாக்சின் வரம்பும் சர்க்கரைக் கவலையும் அந்த அளவுக்குக் கழுத்தை நெரிக்காது.

சட்டம் இரண்டுக்கும் பொது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்படி நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. அதற்கு மேலே மரபணு மாற்ற ஆய்வுகளைக் கவனிக்கும் ஆர்சிஜிஎம் குழு, திறந்தவெளிக்குப் போனால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜிஇஏசி. திறந்த வயலில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்ததே பதில். முந்தின போகத்து மருந்து மக்காச்சோளத்தின் தப்பு முளைகள் அடுத்த போக சோயாவில் கலந்து, 5 லட்சம் புஷல் சோயாவை முடக்க வேண்டியதாயிற்று; புரோடிஜீன் நிறுவனத்துக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம். இலையில் தற்காலிகமாக உண்டாக்கும் முறையில் விதைவழி பரவும் பயம் இல்லை, மருந்து சோற்றுப் பயிரிலும் கலக்காது. ஆனாலும் பாக்டீரியா வெளியே போகக்கூடாது.

வேக்குவத் தொட்டியில் மிஞ்சும் 20 லிட்டரில் ஹைப்போகுளோரைட் அரை சதவீதம் வரும்படி பிளீச்சிங் திரவம் விட்டு அரைமணி நேரம் வைத்துக் கொட்டலாம். பிளீச் விட்டதை ஆட்டோகிளேவில் ஏற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சக்கை, தண்டு, தொட்டி மண் எல்லாம் 121 டிகிரியில் 30 நிமிடம். 500 தொட்டி மண் என்பது சிறிய ஆட்டோகிளேவுக்குப் பல ஈடு. நடுவில் ஈர மண் குளிர்ந்தே இருக்கும் என்பதால் பையை அரைப்பாகத்துக்கு மேல் நிரப்பக்கூடாது, மண்ணின் நடுவில் ஒரு காட்டிப்பட்டையைச் செருகி வைத்து, அது கறுத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த தட்டு விதையைத் தூவும் தேதியை இந்த ஈடுகள் முடியும் நாளைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டியிருக்கும்.